சூடு கேட்கும் பெட்டி

ஜனவரி 12, திங்கள்

காலையில் மூக்கு நுனி குளிர்ந்துதான் விழிப்பு வந்தது. ரேடியேற்றரில் கை வைத்தேன். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. வீட்டு ஹீற்றிங் நின்றுவிட்டது.

ரெயில் சிக்னல் பகுதியில் பழுது பார்த்தே பென்ஷன் எடுத்தவன் நான். பழுது என்றால் முதலில் கொப்பியை எடுக்க வேண்டும், பிறகுதான் திருப்புளியை. அதனால் மகள் மைதிலியின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைத் தேடி எடுத்தேன். எங்கள் பகுதியில் ஒரு விதி இருந்தது. கையால் தொட்டுப் பார்க்காத இடத்துக்கு நேரே ‘சரி’ என்று எழுதக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் நொந்தது.

இன்று பார்த்தவை: கரண்ட் இருக்கிறது. காஸ் இருக்கிறது, அடுப்பு எரிகிறது. குழாயில் சுடுதண்ணீர் வருகிறது. ஆகவே குசினியில் தண்ணீரைச் சுடவைக்கிற பொயிலருக்கு உயிர் இருக்கிறது. அதிலிருந்து குழாய் வழியாக ரேடியேற்றர்களுக்குத்தான் சூடு போகவில்லை.

மைதிலிக்குச் சொல்லவில்லை. தாய் போன நாளிலிருந்து, “லெஸ்டருக்கு வந்து எங்களோடை இருங்கோ அப்பா” என்று ஒரே பாட்டு. எனக்கு முட்டு வருத்தம், குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். ஹீற்றிங் இல்லை என்று தெரிந்தால் அவளுக்கு வேறு காரணம் தேவையில்லை, என்னைக் காரில் ஏற்றிவிடுவாள். பிறகு இந்த வீட்டை விற்பார்கள். தவமணியும் நானும் இருந்த வீடு இது. நான் போகமாட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பொயிலரில் தண்ணீர் அழுத்தம் காட்டும் முள் சரியான இடத்தில் நிற்கிறது. பிழை ஏதும் இருந்தால் முகப்பில் ஒரு எண் மின்ன வேண்டும். மின்னவில்லை.

குழாய்களுக்குள் காற்று அடைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு ரேடியேற்றரின் தலையிலும் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து பார்த்தேன். காற்று இருந்தால் முதலில் ‘உஸ்’ என்று சீறும், பிறகு தண்ணீர் துப்பும். எல்லாம் நேராகத் தண்ணீர்தான் துப்பின. கறுத்தத் தண்ணீர். குசினித் துணி ஒன்று பழுதாய்ப் போயிற்று. தவமணி பார்த்திருந்தால் சமையல் முடியும் வரைக்கும் அதைப் பற்றியே கதைத்திருப்பாள்.

கீழே நாலு ரேடியேற்றர், மேலே மூன்று. ஆக ஏழு.
கீழ் மாடி: சரி. மேல் மாடி: சரி.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. தவமணி டிசம்பர் 28 காலமானாள். அதன் பிறகு உறவுக்காரர் வந்து போன நாட்களில் இந்த வீடு அடுப்புப் போல வெந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கோட்டைக் கழற்றிவிட்டுப் பேப்பரால் விசிறிக்கொண்டு இருந்தார்கள். பொயிலர் இரவும் பகலும் ஓய்வில்லாமல் ஓடியது. அப்படி ஓடினது ஒரு நாளில் எப்படி நிற்கும்?

ஜனவரி 14, புதன்

மைதிலி போனில் முகம் பார்த்துக் கதைப்பவள். இன்று மறைக்க முடியவில்லை. நான் வாயைத் திறந்தால் வெள்ளைப் புகை வருகிறது.

“அப்பா, வீட்டுக்குள்ளை ஏன் தொப்பி போட்டிருக்கிறீங்கள்?”

“சும்மா, தலையிலை கொஞ்சம் குளிருது.”

“ஹீற்றிங் வேலை செய்யுதோ?”

“செய்யும்.”

“செய்யுதோ எண்டுதான் கேட்டனான்.”

தாயின் வாய் அப்படியே இவளுக்கு வந்திருக்கிறது. கடைசியில் ஒப்புக்கொண்டேன். காஸ் கொம்பனிக்குப் போன் பண்ணினாளாம். குளிர் கூடினதால் நாடு முழுக்கப் பொயிலர்கள் படுத்துவிட்டன, இரண்டு கிழமைக்கு ஆள் அனுப்ப முடியாது என்றார்களாம். “முப்பத்தொண்டு முடியட்டும் அப்பா. அதுக்கிடையிலை சரிவந்தா இருங்கோ. இல்லாட்டி நான் வந்து கூட்டிக்கொண்டு போவன். பிறகு கதை இல்லை.” முப்பத்தோராம் நாள் சடங்கு, அந்தியேட்டி, 27ஆம் திகதி.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். சாவுத் துடக்கு உள்ள வீட்டில் பொங்கல் இல்லை. மின்சார ஹீற்றர் ஒன்று பரணில் கிடந்தது, இறக்கினேன். கால் மட்டும் சுடுகிறது.

ஜனவரி 17, சனி

அருளப்பு வந்தான். நாலு வீடு தள்ளி இருக்கிறான், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பொயிலரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லாவற்றிலும் கை வைப்பான். தவமணிக்கு அவனைப் பிடிக்கும். அவன் கிறிஸ்தவன், அவனுடைய நத்தார்க் கேக்கில் பாதி எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பொயிலரின் கழிவுத் தண்ணீர்க் குழாய் வெளிச் சுவரால் இறங்குகிறது. அது உறைந்துவிட்டால் பொயிலர் நிற்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுபோய் இரண்டு பேரும் ஊற்றினோம். பாதி அவனுடைய சப்பாத்தில் ஊற்றுப்பட்டது. அது உறையவில்லை என்று முதலே சொன்னேன், உறைந்திருந்தால் சுடுதண்ணீரும் வராது. அவன் கேட்கவில்லை. தவமணி போனபின் இன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வீட்டின் முன்பக்கம் வந்தபோது அண்ணாந்து பார்த்தான்.

“அண்ணை, மேலை சின்ன அறை யன்னல் திறந்து கிடக்கு.”

“அது சாமி அறை. காத்து வரட்டும்.”

“இந்தக் குளிருக்கை யன்னலைத் திறந்து வைச்சா வீடு எப்பிடிச் சூடாகும்? அங்கையும் ஒரு ஹீற்றர் கிடக்கெல்லே, அதைப் பாத்தனீங்களோ?”

துடக்கு முடியும் வரை சாமி அறைக்குள் போகக்கூடாது என்று விளக்கினேன். விளக்கு ஏற்ற மாட்டோம், கோயிலுக்குப் போக மாட்டோம், சாமிப் படம் தொட மாட்டோம்.

“உங்களுக்குத்தானே துடக்கு. எனக்கென்ன? நான் வேதக்காரன். நான் போய் யன்னலைச் சாத்திப்போட்டு, அந்த ஹீற்றரையும் ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”

சப்பாத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டான். வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவன் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தான், பிறகு கேத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனான். தேத்தண்ணி போட்டுத் தந்தான். சீனி கொஞ்சம் கூட.

ஜனவரி 19, திங்கள்

பழுது பிடிபட்டது. பிடிபட்டதென்றால், எந்தப் பக்கம் என்று.

பொயிலர் தானாக எரியாது. வீடு குளிர்கிறது, சூடு வேண்டும் என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் சொல்வது உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. வயர் இல்லாதது, எங்கே வைத்தாலும் அங்கே இருக்கிற குளிரைப் பார்த்து பொயிலருக்குச் சேதி அனுப்பும். சேதி வரவில்லை என்றால் பொயிலர் சும்மா இருக்கும். சிக்னலுக்குக் காத்து நிற்கிற ரெயில் போலத்தான். ரெயிலில் பழுதில்லை.

அந்தப் பெட்டியைத் தவமணிதான் வைத்திருந்தாள். அவளுக்கு எந்நேரமும் குளிர். எந்த அறைக்குப் போனாலும் பெட்டியைக் கையோடு கொண்டுபோவாள். நான் சூட்டைப் பத்தொன்பதில் வைப்பேன், அவள் கூட்டுவாள். நான் குறைப்பேன். பெட்டியை ஒளித்து வைப்பாள். இது எங்கள் வீட்டுச் சண்டை, கலியாணம் கட்டிய காலத்துச் சண்டைகள் எல்லாம் வற்றி இது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

இன்று தேடிய இடங்கள்: சோபாக் குஷன்களுக்கு அடியில். குசினி லாச்சிகள். அவளுடைய கைப்பை. கோட்டுப் பைகள் (ஒன்றில் விபூதிப் பொட்டலம், ஒன்றில் எனக்கு ஒளித்து வைத்த ரொபி இனிப்பு). கட்டிலுக்குக் கீழே. அரிசி வாளி. உடுப்பு அலுமாரி, அங்கே கனநேரம் நின்றுவிட்டேன். எங்கும் இல்லை.

பின்னேரம் கடைக்குப் போனேன். பால், பாண், சின்னப் பற்றரி இரண்டு. அருளப்பு வழியில் கண்டு, “பற்றரி என்னத்துக்கு?” என்றான். ரோச் லைற்றுக்கு என்று சொன்னேன்.

ஜனவரி 20, செவ்வாய்

திரும்பவும் தேடினேன். மேல் மாடி முழுவதும் பார்த்தாயிற்று. சரி.

ஜனவரி 23, வெள்ளி

ஐயர் போன் பண்ணினார். அந்தியேட்டிச் சடங்கை வீட்டில் செய்வதாக இருந்தது. வீடு இப்படிக் குளிர்ந்து கிடந்தால் வயதுபோனவர்கள் எப்படி வந்து இருப்பார்கள் என்று கேட்டேன். கோயில் மண்டபத்தில் செய்யலாம் என்றார். வீட்டில் செய்தால் அன்றே சாமி அறையையும் திறந்து துடக்குக் கழிக்கலாமே என்று ஒருதரம் இழுத்தார். மண்டபமே நல்லது என்று சொன்னேன்.

இப்போது கையுறை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

அந்தியேட்டி முடிந்தது. எல்லாரும் வந்தார்கள். சோறு நல்லாய் இருந்தது என்றார்கள். எனக்கு உப்புத் தெரியவில்லை.

ஐயர் ஒரு சின்னப் போத்தலில் தீர்த்தம் தந்தார். “வீடு முழுக்கத் தெளியுங்கோ. சாமி அறையைத் திறந்து விளக்கேத்துங்கோ. இனி உங்களுக்குத் துடக்கு இல்லை.” மைதிலி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கீழே எல்லா இடமும் தெளித்தேன். படியிலும் தெளித்தேன். போத்தலில் மிச்சம் இருக்கிறது, குசினி யன்னலில் வைத்திருக்கிறேன்.

மைதிலி என் உடுப்புகளைச் சூட்கேஸில் அடுக்கத் தொடங்கினாள். வியாழக்கிழமை காஸ்காரன் வருகிறான், அதுவரை பொறு என்று கெஞ்சினேன். பெற்ற பிள்ளையிடம் கெஞ்சுவது எனக்குப் புதிது. அவளுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் அரைமனதோடு போனாள்.

ஜனவரி 28, புதன்

நாள் சரியில்லை, அட்டமி. சாமி அறையை வெள்ளிக்கிழமை திறக்கலாம்.

ஜனவரி 29, வியாழன்

காஸ் கொம்பனி ஆள் வந்தான். இளந்தாரி, நல்ல அவசரம். பொயிலர் மூடியைக் கழற்றி, எதையோ பொருத்திப் பார்த்து, உங்கள் பொயிலரில் ஒரு குறையும் இல்லை, அதற்குச் சொல்லுகிற பெட்டி எங்கே என்று கேட்டான். காணவில்லை என்றேன். எல்லா அறையும் தேடினீர்களா என்றான். தேடினேன் என்றேன்.

அவன் மேலே ஏறி ஒவ்வொரு அறையாக ரேடியேற்றரைத் தொட்டுக்கொண்டு வந்தான். சாத்தியிருந்த கதவில் கை வைக்கப் போனான். அது கும்பிடும் அறை, வெளியாட்கள் போகக்கூடாது என்று சொன்னேன். வெள்ளைக்காரனுக்குச் சமயம் என்றால் ஒரு பயம். உடனே கையை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

திங்கட்கிழமை புதுப் பெட்டியும், அதன் சேதியைக் கேட்கிற புதுப் பகுதியும் கொண்டுவந்து பொருத்திப் பூட்டுவானாம். பழைய பெட்டி கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். குப்பையில் போடலாம் என்றான். புதியதைப் பூட்டின பிறகு பழையது சொல்கிற எதுவும் பொயிலருக்குக் கேட்காது.

அவன் போனபின் குசினியில் கனநேரம் இருந்தேன். இது நல்ல செய்திதான். திங்கட்கிழமை வீடு சூடாகிவிடும், நான் இங்கேயே இருக்கலாம். ஏன் எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று விளங்கவில்லை. குளிராக இருக்கலாம்.

ஜனவரி 30, வெள்ளி

இன்று திறக்கவில்லை. காலையில் முட்டு இழுக்கத் தொடங்கிவிட்டது. மூச்சுக்கு அடிக்கிற பம்பை இரண்டு தரம் அடித்தும் மூச்சு அகப்படவில்லை. அருளப்புதான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். இப்படிக் குளிர் வீட்டில் இன்னும் இருந்தால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொன்னதை அப்படியே மைதிலிக்குப் போனில் சொல்லிவிட்டான், சாத்தான். அவள் திங்கள் வரை பொறுக்க மாட்டாளாம். ஞாயிறு வருகிறாள். அங்கே போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து என்னைக் கதிரையில் இருத்தி, போர்வையால் சுற்றிவிட்டு, அருளப்பு எதிரில் இருந்தான்.

“அண்ணை, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக்கூடாது.”

“சொல்லு.”

“அக்கா போன அண்டைக்கு நீங்கள் போன் பண்ணினவுடனை முதல் ஓடிவந்தவன் நான். அம்புலன்ஸ்காரர் வருமட்டும் அந்தச் சின்ன அறைக்கை உங்களோடை நிண்டவன் நான். அந்த யன்னலை அவங்கள்தான் திறந்தவங்கள், காத்துக்கு. அண்டைக்குச் சாத்தின கதவு. இது துடக்கில்லை அண்ணை.”

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

“நான் உங்களை அந்த அறைக்கை போகச் சொல்லேல்லை. போகேக்கை என்னைக் கூப்பிடுங்கோ எண்டு சொல்லுறன்.”

கோபம் வந்தது. அவன் போனபின் அழுகை வந்தது.

ஜனவரி 31, சனி

காலையில் அருளப்புவைக் கூப்பிடவில்லை. பற்றரி இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தீர்த்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு படி ஏறினேன்.

கதவு ஈரத்தில் ஊதி இறுகியிருந்தது. தோளால் தள்ளினேன். உள்ளேயும், வெளியில் நிற்கிற அதே குளிர். திரைச்சீலை நனைந்து யன்னலோடு ஒட்டியிருந்தது. படங்களில் பூ கருகிக் கறுத்திருந்தது. அவளுடைய கம்பளிச் சால்வை கம்பளத்தில் கிடந்தது. அருளப்பு அவளுடைய தலையை அதில்தான் சாய்த்து வைத்தான். பக்கத்தில் நெருப்புப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு குச்சி. தட்டாத குச்சி. விளக்கில் எண்ணெய் இருந்தது, திரி இருந்தது, முனை வெள்ளையாக இருந்தது.

நான் எதையும் தேடவில்லை. பிள்ளையார் படத்துக்குக் கீழ்த் தட்டில், கற்பூர டப்பாவுக்குப் பின்னால் நேராகக் கையை விட்டேன். வெள்ளைப் பெட்டி அங்கே இருந்தது.

அவள் போன அன்று காலை நான் கீழே நின்று கத்தினேன். “இதென்ன வீடோ, பாண் சுடுற போறணையோ? பெட்டியை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?”

மேலேயிருந்து சொன்னாள். “என்னோடைதான் இருக்கு. கொஞ்சம் பொறுங்கோ, விளக்கை ஏத்திப்போட்டுக் குறைக்கிறன்.”

அதுதான் கடைசி. ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. புத்தகம் என்று நினைத்தேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்தேன்.

யன்னலைச் சாத்தினேன். பெட்டியின் முதுகைத் திறந்து பழைய பற்றரிகளை எடுத்தேன், கசிந்திருக்கவில்லை, செத்திருந்தன. இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. யன்னல் திறந்த இந்த அறைக்குள் பெட்டி தனியாகக் கிடந்து, குளிருது, குளிருது என்று இரவும் பகலும் பொயிலருக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் வீடு அப்படி வெந்தது. பற்றரி முடியும் வரை சொல்லியிருக்கிறது.

புதுப் பற்றரியைப் போட்டேன். முகப்பு வெளிச்சமானது. அதன் மேல் வரியில் இப்போதைய சூடு: ஐந்து. கீழ் வரியில் அவள் வைத்துவிட்டுப் போனது: இருபத்துநாலு.

கீழே குசினியில் பொயிலர் பற்றும் சத்தம் கேட்டது. என் விரல் குறைக்கிற பொத்தானில் இருந்தது, பழக்கத்தில் தானாகப் போயிருக்கிறது. எடுத்துவிட்டேன். பெட்டியைத் திரும்பக் கற்பூர டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். சால்வையைத் தூக்கிப் போர்த்துக்கொண்டு அங்கேயே நிலத்தில் இருந்தேன். தவமணி எனக்கு வேண்டும். இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பெப்ரவரி 1, ஞாயிறு

மைதிலி வெறும் சூட்கேஸ் இரண்டோடு வந்தாள். வாசலிலேயே கோட்டைக் கழற்றினாள்.

“என்னப்பா, வீடு வேகுது. சரிவந்திட்டுதோ? பெட்டி எங்கை இருந்தது?”

“சாமி அறைக்கை.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு படியில் ஏறினாள், நான் பின்னால் போனேன். கதவு திறந்திருந்தது. பெட்டியை எடுத்துப் பார்த்தாள்.

“இருபத்துநாலிலை நிக்குது. பத்தொம்பதுக்கு மேலை விடமாட்டீங்களே.”

“நான் வைக்கேல்லை.”

விளங்கிவிட்டது அவளுக்கு. பெட்டியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். தாய் இருந்து கும்பிடும் இடத்தில் இருந்தாள், கனநேரம் அழுதாள். பிறகு நெருப்புப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். கம்பளத்தில் கிடந்த அந்தக் குச்சியையே எடுத்துத் தட்டினேன். ஈரத்தில் பற்றாது என்று நினைத்தேன். இரண்டாம் தரம் பற்றியது. தவமணி போட்டு வைத்த திரியில் வைத்தேன்.

“அப்ப வரேல்லையோ அப்பா?” என்று இறங்கும்போது கேட்டாள்.

“இப்ப வரேல்லை. நீங்கள் வாங்கோ. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

சூட்கேஸ்கள் வாசலில் நின்றன. ஒன்றில் தாயின் உடுப்புகளைக் கொண்டுபோகட்டோ என்று கேட்டாள். சால்வையைத் தவிர மற்றதெல்லாம் எடு என்று சொன்னேன். நாளைக்கு வரவேண்டாம் என்று காஸ்காரனுக்குச் சொல்லச் சொன்னேன்.

13ஆம், 20ஆம் திகதிகளில் மேல் மாடிக்கு நேரே ‘சரி’ என்று எழுதியிருந்தேன். இரண்டையும் வெட்டிவிட்டேன்.

ரேடியேற்றர் ஏழு இல்லை, எட்டு. சாமி அறையில் உள்ளது யன்னலுக்குக் கீழே இருக்கிறது, சின்னது. மைதிலி போனபின் மேலே போய் அதில் கை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு. கையை எடுக்க மனம் வரவில்லை.